அலைகள், அதிர்வுகள்: கணக்கு தப்பினால் தவறு எங்கே என்று கண்டுபிடிப்பது எப்படி

அலைகள், அதிர்வுகள் பாடத்தில் விடை தப்பினால் பெரும்பாலானோர் செய்வது, முதல் வரியிலிருந்து கணக்கை மறுபடி போடுவது. பெரும்பாலும் அதே விடைதான் திரும்ப வரும். தவறு என்று தெரியாமல் செய்ததை இரண்டாம் முறையும் தெரியாமல்தானே செய்வோம்!

அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. உங்கள் விடையையும் விடைக்குறிப்பில் உள்ள விடையையும் பக்கத்தில் வைத்து, பெரியதைச் சிறியதால் வகுத்துப் பாருங்கள். இந்தப் பாடத்தின் சூத்திரங்களில் பெரும்பாலானவை பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம் இவற்றால் ஆனவை. அதனால் ஓரிடத்தில் நடந்த பிழை, கடைசியில் ஒரு குறிப்பிட்ட மடங்காக வந்து நிற்கும். 6.28 வந்தால் ஒரு பிழை, 31.6 வந்தால் வேறு பிழை, 1.41 வந்தால் இன்னொன்று. கீழே உள்ளவற்றை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்களுக்கு வந்த அறிகுறி எதுவோ அங்கே நேராகப் போகலாம்.

## விகிதம் 6.28 அல்லது 39.5

இதுதான் மிக அதிகமாக வருவது. 6.28 என்பது இரண்டு பை. அதிர்வெண்ணையும் கோண அதிர்வெண்ணையும், அதாவது ஒமேகாவையும், ஒன்றுக்கு ஒன்று மாற்றிப் போட்டிருக்கிறீர்கள்.

கேள்வியில் இப்படி இருக்கும்: இடப்பெயர்ச்சி = 0.05 × சைன் (10 × நேரம்). அதிர்வெண் என்ன? கை தானாக 10 ஹெர்ட்ஸ் என்று எழுதிவிடும். சைனுக்குள் நேரத்தைப் பெருக்கிக்கொண்டு நிற்கும் எண் ஒமேகாதான், அதிர்வெண் இல்லை. அதை 6.28 ஆல் வகுத்தால் 1.59 ஹெர்ட்ஸ். அலைவுநேரம் 0.628 வினாடி.

39.5 வந்தால் அது 6.28 இன் வர்க்கம். முடுக்கம் கேட்ட கணக்கில் இது தலைகாட்டும். தனிச்சீரிசை இயக்கத்தில் பெரும முடுக்கம் = ஒமேகாவின் வர்க்கம் × வீச்சு. அங்கே ஒமேகாவுக்குப் பதில் அதிர்வெண்ணை வர்க்கப்படுத்தினால் விடை சரியாக 39.5 மடங்கு சின்னதாக வரும்.

மருந்து எளிது. கேள்வியைப் படித்ததும் கொடுத்த எண்ணின் அலகைப் பாருங்கள். ஹெர்ட்ஸ் என்றாலோ, "வினாடிக்கு இத்தனை அலைவுகள்" என்றாலோ அது அதிர்வெண். ரேடியன்/வினாடி என்றால் ஒமேகா. அலகே இல்லாமல் சைனுக்குள் உட்கார்ந்திருந்தால் அதுவும் ஒமேகாதான்.

## விகிதம் 31.6, 10, 3.16 அல்லது 3.13

வர்க்கமூலத்துக்குள் அலகு தப்பியிருக்கிறது. கிராமை கிலோகிராமாக மாற்றாமல் விட்டால் 1000 மடங்கு பிழை. அது வர்க்கமூலத்துக்குள் போய் வெளியே வரும்போது 31.6 ஆகிவிடும். சென்டிமீட்டரை மாற்றாவிட்டால் 100, அதன் வர்க்கமூலம் 10.

ஒரு கம்பிக் கணக்கைப் பார்ப்போம். நீளம் 80 செ.மீ., நிறை 4 கிராம், இழுவிசை 50 நியூட்டன். அலையின் வேகம் என்ன? ஓரலகு நீளத்தின் நிறை = 0.004 ÷ 0.8 = 0.005 கி.கி./மீ. வேகம் = √(50 ÷ 0.005) = √10000 = 100 மீ/வி. இதே கணக்கில் கிராமை அப்படியே விட்டால் 4 ÷ 0.8 = 5. வேகம் √10, அதாவது 3.16 மீ/வி. விகிதம் 31.6. கிராம்/செ.மீ. என்றே போட்டிருந்தால் 4 ÷ 80 = 0.05, வேகம் 31.6 மீ/வி., விகிதம் 3.16. எந்த அலகை மாற்றவில்லை என்பதைக்கூட விகிதம் சொல்லிவிடுகிறது, பாருங்கள்.

இப்போது 3.13. இது 9.8 இன் வர்க்கமூலம். "கம்பியின் முனையில் 5 கி.கி. எடை தொங்குகிறது" என்று கொடுத்திருப்பார்கள். நீங்கள் இழுவிசை இருக்கும் இடத்தில் வெறும் 5 ஐப் போட்டிருப்பீர்கள். இழுவிசை ஒரு விசை, ஆகவே 5 × 9.8 = 49 நியூட்டன். 3.13, 3.14, 3.16 மூன்றும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். அவசரத்தில் 3.13 ஐ பை என்று நினைத்து இல்லாத பையைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். அதனால் விகிதத்தை எப்போதும் இரண்டு தசம இடம் வரைக்கும் கணக்கிடுங்கள்.

தேர்வு அறையில் விடைக்குறிப்பு இருக்காதே என்று கேட்கலாம். அங்கே இந்தப் பத்து மடங்கு, முப்பது மடங்குப் பிழைகளைப் பிடிக்க விடையின் அளவே போதும். காற்றில் ஒலியின் வேகம் 340 மீ/வி. அளவில் இருக்கும். மனிதக் காதுக்குக் கேட்பது 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை. ஒரு மீட்டர் ஊசலின் அலைவுநேரம் கிட்டத்தட்ட 2 வினாடி. விறைப்பாக இழுத்துக் கட்டிய கம்பியில் அலை 3 மீ/வி. வேகத்தில், நாம் கூடவே மெல்ல ஓடிப் போகும் அளவுக்கு, ஊர்ந்து போகிறது என்று விடை வந்தால் உடனே சந்தேகப்பட வேண்டும்.

## விகிதம் சரியாக 2 அல்லது 4

இதற்குக் காரணங்கள் பல. அதனால் கொஞ்சம் விசாரித்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கணக்கில் கணுக்கள் (அசையாமல் நிற்கும் புள்ளிகள்) வந்தால் முதலில் அங்கே பாருங்கள். நிலை அலையில் அடுத்தடுத்த இரண்டு கணுக்களுக்கு இடையே உள்ள தூரம் அரை அலைநீளம். முழு அலைநீளம் இல்லை. படத்தில் ஒரு கண்ணி முழுசாகத் தெரிவதால் அதையே ஓர் அலை என்று நினைத்துவிடுகிறோம். கணுவிலிருந்து அடுத்த எதிர்க்கணுவரை, அதாவது மிக அதிகமாக ஆடும் புள்ளிவரை என்றால் கால் அலைநீளம். அங்கே குழப்பினால் விகிதம் 4.

எதிரொலி வந்தால், ஒலி போய்த் திரும்பியிருக்கிறது என்பதை மறந்திருப்பீர்கள். கைதட்டி 1.5 வினாடி கழித்து எதிரொலி கேட்டது, ஒலி வேகம் 340 மீ/வி. என்றால் சுவர் 255 மீட்டரில் இருக்கிறது. 510 என்பது ஒலி நடந்த மொத்த தூரம்.

ஊசலோ சுருள்வில்லோ வந்தால், "ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை 10 செ.மீ." என்ற வரியைத் தேடுங்கள். வீச்சு 5 செ.மீ.தான், ஏனென்றால் வீச்சைச் சமநிலைப் புள்ளியிலிருந்துதான் அளக்க வேண்டும். நேரத்திலும் இதே கதை: ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போக ஆகும் நேரம் அரை அலைவுநேரம். வினாடி ஊசல் என்ற பெயரே பலரைக் கவிழ்க்கிறது. அதன் அலைவுநேரம் 2 வினாடி. ஒரு பக்கம் போக ஒரு வினாடி, திரும்ப ஒரு வினாடி. நீளம் 0.993 மீட்டர் வர வேண்டும். அலைவுநேரத்தை 1 வினாடி என்று எடுத்தால் 0.248 வரும். நீளம் அலைவுநேரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் விகிதம் 4.

இரண்டு சுருள்வில் கொண்ட கணக்கில் 2 வந்தால், தொடர் இணைப்பையும் பக்க இணைப்பையும் மாற்றிப் போட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரி இரண்டு வில்களைத் தொடராக இணைத்தால் விசை மாறிலி பாதியாகும், பக்கமாக இணைத்தால் இரட்டிப்பாகும். இரண்டுக்கும் நடுவே நான்கு மடங்கு வித்தியாசம், அலைவுநேரத்தில் இரண்டு மடங்கு. மின்தடைக் கணக்கின் பழக்கம் இங்கே கெடுக்கும். சுருள்வில்லுக்கு விதி அப்படியே தலைகீழ்.

## விகிதம் 1.41

இது வந்தால் எனக்கு முதல் சந்தேகம் ஒன்றுதான்: மாறா முடுக்கத்துக்கான இயக்கச் சமன்பாடுகளை அலைவுக் கணக்கில் போட்டிருக்கிறீர்கள். அலைவுறும் பொருளின் முடுக்கம் நொடிக்கு நொடி மாறுகிறது. சமநிலையில் சுழி, கோடியில் பெருமம். அங்கே அந்தச் சமன்பாடுகளுக்கு வேலையே இல்லை.

வீச்சு 10 செ.மீ., அலைவுநேரம் 2 வினாடி என்று வையுங்கள். பெரும வேகம் = ஒமேகா × வீச்சு = 3.14 × 0.1 = 0.314 மீ/வி. இதையே கோடியில் உள்ள முடுக்கம் 0.987 மீ/வி² என்று கண்டுபிடித்து, "இறுதி வேகத்தின் வர்க்கம் = 2 × முடுக்கம் × தூரம்" என்று போட்டால் 0.444 வரும். வகுத்துப் பாருங்கள், 1.41. பெரும முடுக்கமே வழி முழுக்க இருந்ததாக வைத்துக்கொண்டதற்குக் கிடைத்த தண்டனை.

இதே தவறுக்கு இன்னொரு முகம் உண்டு. "சமநிலையிலிருந்து வீச்சில் பாதிக்குப் போக எவ்வளவு நேரம்?" கால் அலைவுநேரத்தில் முழு வீச்சு என்றால் பாதி வீச்சுக்கு எட்டில் ஒரு பங்கு என்று மனம் சொல்லும். சரியான விடை பன்னிரண்டில் ஒரு பங்கு. அலைவுநேரம் 2.4 வினாடி என்றால் முதல் பாதி தூரத்துக்கு 0.2 வினாடி, மீதிப் பாதிக்கு 0.4 வினாடி. நடுவில் வேகமாகப் போய், கோடியை நெருங்க நெருங்கத் தயங்குகிறது. இந்த வகைக் கேள்வியில் விகிதம் 1.5 வந்தால் காரணம் இதுதான்.

ஆற்றல் கணக்கிலும் இதே "பாதி என்றால் பாதி" என்ற எண்ணம் புகுந்துவிடும். பாதி வீச்சில் நிலை ஆற்றல் பாதி இல்லை, கால் பங்கு. இயக்க ஆற்றல் முக்கால் பங்கு. இரண்டும் சமமாக இருக்கும் இடம் வீச்சின் 0.707 மடங்கில்.

## விடை சுழியை ஒட்டி வருகிறது

விகிதமே எடுக்க முடியாத அளவுக்கு விடை சின்னதாக இருக்கிறதா? கால்குலேட்டர் டிகிரியில் இருக்கிறது. சைனுக்குள் வரும் கோணம் இந்தப் பாடத்தில் ரேடியன்தான். சைன் 2 என்பது ரேடியனில் 0.909, டிகிரியில் 0.0349. தேர்வு தொடங்கும் முன் சைன் 1.57 என்று தட்டிப் பாருங்கள். கிட்டத்தட்ட 1 வந்தால் ரேடியன், 0.0274 வந்தால் டிகிரி.

நேரம் சுழி என்று போடும்போது விடை தப்பினால் அது கால்குலேட்டர் குற்றம் இல்லை. தொடக்கக் கட்டத்தைப் பார்க்கவில்லை. பொருளை இழுத்து விட்டால் இயக்கம் கோடியில் தொடங்குகிறது, அதற்குக் கொசைன். சமநிலையில் ஒரு தட்டு தட்டினால் சைன். சமன்பாட்டை எழுதியதும் நேரத்துக்குச் சுழியைப் போட்டு, பொருள் நிஜமாகவே அங்கேதான் இருந்ததா என்று சரிபார்க்க ஐந்து வினாடி போதும்.

## வேகம் கேட்டார்கள், விடையில் நேரம் தொங்கிக்கொண்டிருக்கிறது

அலை போகும் வேகமும் ஊடகத்தின் துகள் ஆடும் வேகமும் வேறு வேறு. அலையின் வேகம் அந்த ஊடகத்தில் மாறாதது. துகளின் வேகம் நேரத்தோடு மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே அலையின் வேகத்தைக் கேட்டபோது உங்கள் விடையில் கொசைனும் நேரமும் இருந்தால், நீங்கள் வகைக்கெழு எடுத்துத் துகளின் வேகத்தைக் கண்டுபிடித்திருக்கிறீர்கள்.

இடப்பெயர்ச்சி = 0.02 × சைன் (12.57 × தூரம் − 628 × நேரம்), எல்லாம் மீட்டரிலும் வினாடியிலும். அலையின் வேகம்: நேரத்தின் முன்னால் உள்ள எண்ணைத் தூரத்தின் முன்னால் உள்ள எண்ணால் வகுத்தால் 50 மீ/வி. அலைநீளம் 6.28 ÷ 12.57, அதாவது 0.5 மீட்டர். அதிர்வெண் 100 ஹெர்ட்ஸ். பெருக்கிப் பாருங்கள், அதே 50. துகளின் பெரும வேகம் 0.02 × 628 = 12.6 மீ/வி. வீச்சை மாற்றினால் இந்தக் கடைசி எண் மட்டும் மாறும், முதல் மூன்றும் அசையாது.

திசை தப்பினால் குறியைப் பாருங்கள். தூரத்துக்கும் நேரத்துக்கும் நடுவே கழித்தல் இருந்தால் அலை முன்னோக்கிப் போகிறது, கூட்டல் இருந்தால் பின்னோக்கி.

அலை ஓர் ஊடகத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் கணக்கில் அலைநீளம் தப்பினால், அதிர்வெண்ணை மாற்றியிருப்பீர்கள். அது மாறாது. காற்றில் 1000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 34 செ.மீ.; தண்ணீருக்குள் ஒலி சுமார் 1480 மீ/வி. வேகத்தில் போவதால் அலைநீளம் 1.48 மீட்டர் ஆகிறது. அதிர்வெண் அதே 1000தான்.

## குழாய்க் கணக்குகளில் 1.5, 1.33, 2

மூடிய குழாய், திறந்த குழாய், மேற்சுரம், சீரிசை என்று பெயர்கள் குவிவதால் தவறும் குவிகிற இடம் இது.

முதலில் 2. ஒரு முனை மூடிய குழாயின் நீளம் கால் அலைநீளம், இருபுறமும் திறந்ததன் நீளம் அரை அலைநீளம். 25 செ.மீ. மூடிய குழாயின் அடிப்படை அதிர்வெண் 340 ÷ (4 × 0.25) = 340 ஹெர்ட்ஸ். அதே நீளத் திறந்த குழாய்க்கு 680. விகிதம் 2 என்றால் குழாய் வகையை மாற்றிவிட்டீர்கள்.

1.5 வந்தால் மூடிய குழாயின் முதல் மேற்சுரத்தில் தவறு. மூடிய குழாயில் 1, 3, 5 என்று ஒற்றைப்படைச் சீரிசைகள் மட்டுமே வரும். மேலே உள்ள குழாயில் 340, 1020, 1700. முதல் மேற்சுரம் 1020, அதாவது மூன்றாவது சீரிசை. நீங்கள் 680 என்று எழுதியிருப்பீர்கள்.

திறந்த குழாயிலோ கம்பியிலோ 1.33 வந்தால், மூன்றாவது மேற்சுரத்தையும் மூன்றாவது சீரிசையையும் ஒன்றாக எடுத்திருக்கிறீர்கள். மேற்சுரத்தின் எண்ணிக்கை அடிப்படையை விட்டுவிட்டுத் தொடங்கும், சீரிசை அடிப்படையையும் சேர்த்து எண்ணும். மூன்றாவது மேற்சுரம் என்பது நான்காவது சீரிசை.

குழாய் எந்த வகை என்றே சொல்லாமல், அடுத்தடுத்த ஒத்ததிர்வு அதிர்வெண்களை மட்டும் கொடுக்கும் கேள்வியும் உண்டு. 360, 600, 840 ஹெர்ட்ஸ் என்று வையுங்கள். வித்தியாசம் 240. அடிப்படை 240 என்று எழுதுவதற்கு முன் 360 ஐ 240 ஆல் வகுத்துப் பாருங்கள்: 1.5. முழு எண் வந்தால் திறந்த குழாய் அல்லது இருமுனையும் கட்டிய கம்பி, அடிப்படை அதே வித்தியாசம். கடைசியில் அரை வந்தால் மூடிய குழாய், அடிப்படை வித்தியாசத்தில் பாதி. இங்கே 120. கொடுத்த மூன்றும் 3, 5, 7 ஆவது சீரிசைகள். நீளம் 340 ÷ 480, சுமார் 71 செ.மீ. இந்த ஒரு வகுத்தலைப் பழக்கிக்கொண்டால் இந்த வகைக் கேள்வி முழுவதும் அடங்கிவிடும்.

ஒத்ததிர்வுத் தம்பக் கணக்கில் ஒலி வேகம் 340க்குப் பதில் 320 போலக் குறைந்து வருகிறதா? முனைத் திருத்தத்தை விட்டுவிட்டீர்கள். எதிர்க்கணு குழாயின் வாயில் சரியாக நிற்காது, கொஞ்சம் வெளியே நிற்கும். 500 ஹெர்ட்ஸ் இசைக்கவை, முதல் ஒத்ததிர்வு 16 செ.மீ., இரண்டாவது 50 செ.மீ. முதல் நீளத்தை மட்டும் நான்கால் பெருக்கினால் அலைநீளம் 64 செ.மீ., வேகம் 320. இரண்டையும் கழித்தால் 34 செ.மீ., அது அரை அலைநீளம், வேகம் 340. கழிக்கும்போது இரண்டிலும் இருந்த அந்த அதிகப்படி நீளம் தானாக அடிபட்டுப் போகிறது. திருத்தம் எவ்வளவு என்று கேட்டால் (50 − 3 × 16) ÷ 2 = 1 செ.மீ. 16 உடன் 1 ஐக் கூட்டினால் 17. 68 இல் கால் பங்கு. கணக்கு மூடுகிறது.

## விம்மல் கணக்கில் இரண்டு விடைகளில் எது?

விம்மல் என்பது அதிர்வெண் சற்றே வேறுபடும் இரண்டு ஒலிகள் சேரும்போது உரப்பு கூடிக் குறைவது; வினாடிக்கு எத்தனை விம்மலோ, அதுவே அதிர்வெண் வித்தியாசம். 256 ஹெர்ட்ஸ் இசைக்கவையோடு இன்னொரு கவை வினாடிக்கு 4 விம்மல் தருகிறது. அது 252 ஆகவும் இருக்கலாம், 260 ஆகவும் இருக்கலாம். இங்கே தப்புகிறவர்கள் கணிதத்தில் தப்புவதில்லை, அடுத்த வரியை அவசரமாகப் படித்துத் தப்புகிறார்கள். மெழுகு எந்தக் கவையில் ஒட்டப்பட்டது? அதைக் கோடிட்டுக்கொள்ளுங்கள். மெழுகு ஒட்டினால் அதிர்வெண் குறையும், அரத்தால் புயத்தைத் தேய்த்தால் கூடும். கம்பியாக இருந்தால் இழுவிசையைக் கூட்டும்போது கூடும்.

தெரியாத கவையில் மெழுகு ஒட்டியதும் விம்மல் 2 ஆகக் குறைந்தால், அது 260 இலிருந்து 256 ஐ நோக்கி இறங்கியிருக்கிறது. விடை 260. விம்மல் 6 ஆகக் கூடினால் 252 என்று எழுதுவது வழக்கம். கறாராகச் சொன்னால் 260 உள்ள கவையில் நிறைய மெழுகு அப்பி 250 வரை இறக்கினாலும் 6 விம்மல்தான் வரும். "சிறிதளவு மெழுகு" என்று கேள்வியில் எழுதுவதற்குக் காரணம் இதுதான், அந்தச் சொல் அலங்காரத்துக்கு இல்லை.

## டாப்ளர் கணக்கில் குறி குழம்புகிறது

ஒலி மூலமோ கேட்பவரோ நகரும்போது கேட்கும் அதிர்வெண் மாறுவதுதான் டாப்ளர் விளைவு. அதன் சூத்திரத்தில் எங்கே கூட்டல், எங்கே கழித்தல் என்று மனப்பாடம் செய்யாதீர்கள். இரண்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: கேட்பவரின் வேகம் தொகுதியில், ஒலி மூலத்தின் வேகம் பகுதியில். அப்புறம் குறியை இயற்பியலே சொல்லும். நெருங்கினால் அதிர்வெண் கூட வேண்டும், விலகினால் குறைய வேண்டும். பகுதி சின்னதானால் விடை பெரிதாகும், ஆகவே மூலம் நெருங்கினால் பகுதியில் கழித்தல்.

500 ஹெர்ட்ஸ் மூலம் 34 மீ/வி. வேகத்தில் நெருங்குகிறது, ஒலி வேகம் 340: 500 × 340 ÷ 306 = 555.6 ஹெர்ட்ஸ். மூலம் நிற்க, கேட்பவர் அதே வேகத்தில் நெருங்கினால் 500 × 374 ÷ 340 = 550. இரண்டும் ஒன்றில்லை. உங்கள் விடை 550, விடைக்குறிப்பில் 556 என்றால் ஒரு சதவீத வித்தியாசம்தானே, தோராயமாக்கியதில் வந்திருக்கும் என்று விட்டுவிடத் தோன்றும். விடாதீர்கள். இந்த ஒரு கணக்கில் மட்டும் அந்த ஒரு சதவீதம் நிஜமான தவறு. மூலத்தைத் தொகுதியில் போட்டிருக்கிறீர்கள்.

சுவரை நோக்கிப் போகும் வண்டியில் இருப்பவர் எதிரொலியைக் கேட்டால் இரண்டு படி. சுவருக்குப் போய்ச் சேர்வது 555.6. சுவர் அதைத் திருப்பி அனுப்பும்போது அது நிற்கும் மூலம், வண்டியில் இருப்பவர் நகரும் கேட்பவர். 555.6 × 374 ÷ 340 = 611 ஹெர்ட்ஸ். 556 இல் நின்றுவிட்டால் ஒரு படி பாக்கி.

நேராக நெருங்கும் வண்டியின் ஒலி கிட்டே வர வர உச்சமாகிக்கொண்டே போகும் என்று நினைத்து வரைபடத்தைச் சாய்வாக வரைபவர்கள் உண்டு. சீரான வேகத்தில் நேராக நெருங்கினால் அதிர்வெண் ஒரே அளவில் உயர்ந்தே நிற்கும், கடந்ததும் ஒரேயடியாக இறங்கும். கூடிக்கொண்டே போவது ஒலியின் உரப்பு. டாப்ளர் 1842 இல் சொன்னதை 1845 இல் டச்சு அறிவியலாளர் பைஸ் பாலட் சோதித்தபோது, ரயிலில் ஊதுகுழல் வாசிப்பவர்களை ஏற்றி, பாதையோரத்தில் நின்ற இசைக்கலைஞர்களின் காதை நம்பித்தான் அளந்தார். சுரம் ஒரே இடத்தில் நின்றதால்தான் காதால் அதைப் பிடிக்க முடிந்தது.

## "தரவு போதாது" என்று தோன்றுகிறது

சுருள்வில்லில் ஓர் எடையைத் தொங்கவிட்டதும் 4.9 செ.மீ. நீண்டது, அலைவுநேரம் என்ன? நிறையும் இல்லை, விசை மாறிலியும் இல்லை. தேவையும் இல்லை. எடை = விசை மாறிலி × நீட்சி என்பதால், நிறை ÷ விசை மாறிலி என்பது நீட்சி ÷ 9.8 க்குச் சமம். அலைவுநேரம் = 6.28 × √(0.049 ÷ 9.8) = 0.444 வினாடி. ஒரு கேள்வியில் இரண்டு அளவுகள் சேர்ந்தாற்போல் காணாமல் போனால், அவை விகிதமாகத்தான் தேவைப்படும் என்று சந்தேகப்படுங்கள்.

நிலவுக்குக் கொண்டுபோகும் கேள்வியும் இந்த வகைதான். ஊசல் அங்கே சுமார் 2.46 மடங்கு மெதுவாக ஆடும். சுருள்வில்லின் அலைவுநேரம் மாறாது.

## வெப்பநிலைக் கணக்குகள், விகிதம் 1.18

ஒலியின் வேகம் கெல்வின் வெப்பநிலையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதம். செல்சியஸில் போட்டால் 0 டிகிரியில் ஒலி நின்றே போகும், அதுவே அறிகுறி. வேகம் 0 டிகிரி செல்சியஸில் இருப்பதைப் போல இரண்டு மடங்காக வேண்டுமானால் 273 × 4 = 1092 கெல்வின். செல்சியஸில் கேட்டிருந்தால் 819. கடைசிப் படியை மறந்து 1092 டிகிரி செல்சியஸ் என்று எழுதி மதிப்பெண் விடுபவர்கள் நிறையப் பேர்.

1.18 என்பது 1.4 இன் வர்க்கமூலம். 1.4 என்பது காற்றின் இரண்டு தன்வெப்பங்களின் (மாறா அழுத்தத்தில், மாறாப் பருமனில்) விகிதம். காற்றில் ஒலி வேகம் 331க்குப் பதில் 280 வந்தால், அழுத்தத்தை அடர்த்தியால் வகுத்து வர்க்கமூலம் எடுத்து நிறுத்திவிட்டீர்கள். அதில் கவலைப்பட ஒன்றும் இல்லை, நியூட்டனுக்கும் இதே குறைதான் வந்தது. ஒலி போகும்போது காற்றின் வெப்பநிலை மாறாது என்று அவர் வைத்துக்கொண்டார். நெருக்கமும் தளர்வும் அவ்வளவு வேகமாக நடப்பதால் வெப்பம் வெளியேற நேரமில்லை என்று காட்டி, 1816 இல் லாப்லாஸ் அந்த 1.4 ஐ உள்ளே கொண்டுவந்தார். அளவீட்டுக்கும் கணக்குக்கும் நடுவே இருந்த மடங்கு எதைக் குறிக்கிறது என்று பார்க்க நூறு ஆண்டுக்கு மேல் ஆனது.

## வித்தியாசம் 1 முதல் 3 சதவீதம் மட்டுமே

டாப்ளரைத் தவிர மற்ற இடங்களில் இதைத் துரத்த வேண்டாம். புவியீர்ப்பு முடுக்கத்தை 9.8 க்குப் பதில் 10 என்று எடுத்தால் ஊசலில் ஒரு சதவீதம் மாறும். ஒலி வேகம் 330 ஆ 340 ஆ என்பதில் மூன்று சதவீதம். கேள்வி எதைக் கொடுத்திருக்கிறதோ அதையே போடுங்கள், பாடநூல் மதிப்பை இடையில் செருகாதீர்கள்.

## செய்முறையில் புவியீர்ப்பு முடுக்கம் 10.9 வருகிறது

ஊசலை விட்ட கணத்தில் "ஒன்று" என்று எண்ணத் தொடங்கி "இருபது" வரும்போது கடிகாரத்தை நிறுத்தியிருக்கிறீர்கள். உண்மையில் நடந்தது 19 அலைவு. அதை 20 ஆல் வகுத்ததால் அலைவுநேரம் ஐந்து சதவீதம் குறைந்து, வர்க்கத்தில் போய் முடுக்கம் 11 சதவீதம் கூடிவிட்டது. "சுழி" என்று தொடங்கி எண்ணுங்கள்.

கோணம் பெரிதாகிவிட்டதோ என்று பலர் அங்கேயே தேடுவார்கள். 30 டிகிரி வீச்சில்கூட அலைவுநேரம் கூடுவது சுமார் 1.7 சதவீதம்தான். அதோடு அது முடுக்கத்தைக் குறைத்துக் காட்டும், கூட்டாது. நீளத்தைக் குண்டின் மேல்முனைவரை மட்டும் அளந்திருந்தாலும் முடுக்கம் குறைந்துதான் வரும். குண்டின் நடுப்புள்ளிவரை அளக்க வேண்டும். இந்த நீளப் பிழையை வரைபடத்தில் பிடிக்கலாம்: நீளத்துக்கு எதிராக அலைவுநேரத்தின் வர்க்கத்தை வரைந்தால் கோடு ஆதிப்புள்ளி வழியாகப் போகாது, ஆனால் சாய்வு சரியாகவே இருக்கும். அளவீடுகளைக் கிழித்துப் போட வேண்டாம், சாய்விலிருந்து முடுக்கத்தைக் கணக்கிட்டால் போதும்.